பந்தைப் பார்த்துப் பின்னால் ஓடியவன்

1

போன வாரம் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போயிருந்தேன். மெல்பர்னில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். குடியேறியபோது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரான சவரிமுத்து என்பதை எழுதிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எல்லோருக்கும் அதுதான். என் மனைவி லூர்துவை மிஸஸ் சவரிமுத்து என்று கூப்பிட்டால், என் அம்மாவையா கூப்பிடுகிறார்கள் என்று ரொம்ப நாள் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆள் பாதிப் பெயரைத் தட்டியதும் நிமிர்ந்தான்.

"எரோலுடைய அப்பாவா நீங்கள்?"

ஆமாம் என்றேன். எழுந்து நின்று கை கொடுத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "இருபத்தெட்டு வயதில் யாராவது ஆட்டத்தை விடுவார்களா? அந்தக் கடைசி ஆட்டத்தில் என்னதான் ஆயிற்று அவருக்கு? பயந்துவிட்டாரா?" என்று கேட்டான்.

"முழங்கால்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சாவியைப் போட்டுத் திருப்ப முடியாமல் கொஞ்ச நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

என் மகன் ஆட்டத்தை விட்டு இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கோயமுத்தூர்ப் பக்கம் கணபதியிலிருந்தும் கருமத்தம்பட்டியிலிருந்தும் சொந்தக்காரர்கள் இதையேதான் கேட்கிறார்கள். முழங்கால் இல்லை. நடந்ததை எழுதிவிடலாமா என்று மகனிடம் கேட்டேன். எழுதுங்கப்பா என்றான்.

2

எங்கள் மகன் பெயர் அருள். கணபதியில் நான் லேத் பட்டறையில் வேலை பார்த்த காலத்தில் பிறந்தவன். இங்கே கார் தொழிற்சாலைக்கு ஆள் எடுத்தபோது அவனுக்கு ஐந்து வயது. பள்ளியில் சேர்க்கப் போனோம். அருள் என்று நான் சொன்னது அங்கே பெயர் எழுதிய அம்மாவின் காதில் எரோல் என்று விழுந்தது. அது இங்கே வழக்கமான பெயர். திருத்த வேண்டுமானால் பத்திரங்களோடு இன்னொரு அலுவலகத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். எனக்கு அலுவலகம் என்றாலே பயம். விட்டுவிட்டேன். வீட்டில் அருள், வெளியே எரோல்.

இங்கத்திய கால்பந்தைப் பற்றி நம்மூரில் யாருக்கும் தெரியாது. பந்து உருண்டையாக இருக்காது, முட்டை வடிவில் இருக்கும். காலாலும் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம். உயரமாக வரும் பந்தைப் பிடிக்க ஒருவர் தோள்மேல் இன்னொருவர் முட்டி போட்டு ஏறுவார்கள். தலையில் கவசம் கிடையாது. மார்ச் முதல் செப்டம்பர் வரை இந்த ஊருக்கு வேறு பேச்சே கிடையாது.

பத்து வயதில் அவன் ஆடிய முதல் ஆட்டத்துக்குப் போனேன். வேறொரு பையன் மூக்கு உடைந்து ரத்தத்தோடு தூக்கிக்கொண்டு போகப்பட்டான். அதோடு நான் மைதானப் பக்கம் போவதை நிறுத்தினேன். நான் சுபாவத்திலேயே பயந்தவன். பட்டறையில் இரும்புச் சீவல் தெறித்தாலே இரண்டு அடி பின்னால் போவேன். லூர்து அப்படி இல்லை. முதியோர் இல்லத்தில் வாரம் முழுக்க வேலை செய்துவிட்டு, சனிக்கிழமை குளிரில் மைதான ஓரம் நின்று, "டேய் அருளு, எந்திரிடா! எந்திரிச்சு ஓடுறா கண்ணு!" என்று கத்துவாள். பக்கத்து வெள்ளைக்காரப் பெண்களும் கூடச் சேர்ந்து 'எந்திரிடா' சொல்லப் பழகிவிட்டார்கள்.

பத்தொன்பது வயதில் பெரிய குழு ஒன்று அவனை எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்குத் தடுப்பாட்டக்காரன் வேலை. அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது ஒரே ஒரு காரியம். எதிரணி பந்தை உயரமாக உதைத்து அனுப்பும். பந்து தலைக்கு மேலே போகும். அருள் அண்ணாந்து அதை மட்டும் பார்த்துக்கொண்டு, அது போகும் திசையிலேயே ஓடுவான். எதிரே ஆட்கள் முழு வேகத்தில் அதே பந்துக்காக வந்துகொண்டிருப்பார்கள். அவர்களை அவன் பார்க்கமாட்டான். பார்த்தால் வேகம் குறையும். மோதுவது நிச்சயம். மோதிய பிறகும் பந்து அவன் நெஞ்சோடு இருக்கும். எண்பதாயிரம் பேர் கொள்ளும் மைதானம் எழுந்து நிற்கும். பயம் என்பதே அறியாதவன் என்று பத்திரிகைகள் எழுதின. சிறந்த ஆட்டக்காரனுக்கான பதக்கங்கள் வாங்கினான். அவன் எண் போட்ட சட்டையைப் பையன்கள் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமைகளில் நான் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பேன். அக்கம்பக்கத்து வீட்டு ரேடியோக்கள் காதில் விழக்கூடாது என்பதற்காக. வெட்டப் புல்லே இல்லாவிட்டாலும் ஓட்டுவேன். அதை நிறுத்தும்போது வீட்டுக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தால், அது அடித்து ஓயும் வரை உள்ளே போகமாட்டேன்.

3

தொண்ணூற்றைந்தாம் வருஷம் அவனுடைய குழு கோப்பையை வென்றது. அதற்கு முந்தைய வாரத்து ஆட்டத்தில் அவன் பிடித்த பிடி ஒன்றை இன்றும் தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். பின்னால் ஓடுகிறான். எதிரே வந்தவனின் முழங்கால் இவன் காதுக்கு மேலே இடிக்கிறது. விழுகிறான். பந்தை விடவில்லை. யாரோ மூக்கருகே மருந்து காட்டுகிறார்கள். எழுந்து ஆடுகிறான். அன்று களத்தில் சிறந்தவன் அவன்தான்.

ஆட்டப் பருவம் முடிந்ததும் மூவரும் ஊருக்கு வந்தோம். என் அக்கா அன்னம்மாளின் மகளுக்குக் கருமத்தம்பட்டியில் கல்யாணம். அக்கா வீடு கணபதியில். முன்பக்கம் மச்சானின் லேத் பட்டறை, பின்பக்கம் வீடு.

அருளுக்கு ஊர் மிகவும் பிடித்துப்போயிற்று. மெல்பர்னில் ஒரு ரொட்டி வாங்கப் போனால்கூட நாலு பேர் சூழ்ந்துகொள்வார்கள். கணபதியில் ஒரு ஈ காக்கை திரும்பிப் பார்க்கவில்லை. அவன் தமிழ்தான் சிரிப்பாக இருந்தது. நாங்கள் பேசுவது புரியும். பதில் ஆங்கிலத்தில் வரும், இல்லாவிட்டால் குழந்தைத் தமிழில். 'எனக்குப் பசி இருக்காங்க' என்பான். அக்காவுக்கு அதைக் கேட்டால் உயிர்.

கொண்டுபோயிருந்த அந்த ஆட்டத்து வீடியோ கேசட்டை ஒரு நாள் சாயந்திரம் போட்டோம்.

"ஏண்டா அந்தோணி, ஆளு மேல ஆளு ஏறி மிதிக்கறாங்களே, கேக்கறதுக்கு அங்க ஆளே இல்லியா?" என்றாள் அக்கா.

"அந்தத் தொப்பிக்காரரு எதுக்குங்க மாப்ள ரெண்டு வெரலையும் நீட்டறாரு? ரெண்டு பேரு காலின்னு சொல்றாருங்களா?" என்றார் மச்சான்.

அது கோல் விழுந்ததற்கு அடையாளம். எல்லோரும் சிரித்தோம். அந்தப் பிடி வந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் வழக்கம்போல் வேறு பக்கம் பார்த்தேன். அப்போது அருளின் முகம் கண்ணில் பட்டது. உடம்பை முன்னால் சாய்த்து, வாய் லேசாகத் திறந்து, அடுத்து என்ன ஆகப்போகிறதோ என்று பார்ப்பவன்போல் பார்த்துக்கொண்டிருந்தான்.

4

காலையில் ஓடப் போவது அவன் வழக்கம். சத்தி ரோட்டில் சரவணம்பட்டி வரை போய்த் திரும்புவான். அப்போது அங்கே பாதி இடம் சோளக்காடும் சும்மா கிடந்த பூமியும்தான். எட்டு மணிக்கெல்லாம் வந்து அக்கா சுடும் தோசைக்கு உட்கார்ந்துவிடுவான்.

கல்யாணத்துக்கு முன்தினம் வரவில்லை. எட்டரைக்கு வாசலில் நின்று பார்த்தேன். ஒன்பதுக்கு ரோட்டுக்கே போய்விட்டேன். லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு போகின்றன. அக்கா, "எங்கியாச்சும் டீ குடிச்சுட்டு நிப்பான், வந்துருவான்" என்றாள். கல்யாண வேலையாகப் பூக்கடைக்குப் போயிருந்த லூர்துவுக்கு இது தெரியாது. எனக்குக் கால் நிற்கவில்லை. மச்சான் பட்டறையை ஆட்களிடம் விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

பின்னால் உட்கார்ந்து இரண்டு பக்கப் பள்ளத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். ரோட்டோரம் கிடந்த ஒரு சாக்கு மூட்டை தூரத்தில் ஆள்போலத் தெரிந்தது. "மச்சான், நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். அவர் நிறுத்தி, இறங்கி, அதைக் காலால் புரட்டிக் காட்டிவிட்டு மறுபடி ஏறினார். மெல்பர்னில் அவன் எங்கே விழுந்தாலும் அது யார் என்று யாரும் சொல்லிவிடுவார்கள். இங்கே டவுசர் போட்ட ஒரு கறுத்த பையன், அவ்வளவுதான். சட்டைப் பையில் ஒரு சீட்டுக்கூடக் கிடையாது.

சரவணம்பட்டி தாண்டி ஒரு டீக்கடையில் கேட்டோம். கடைக்கார அம்மா கேட்டதுமே வெளியே வந்தார்.

"ஏனுங்க, உங்க பையனுங்களா? வெய்யில்ல ரோட்டு நடுவுல நின்னுட்டிருந்தாருங்க. நாந்தான் கையைப் புடிச்சுக் கூட்டியாந்து ஒக்கார வெச்சேன். பேரக் கேட்டா எரோலுங்கறாரு. ஊடு எங்கன்னு கேட்டா முழிக்கறாருங்க. தமிழ் தெரியாதவராட்டம் இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்."

பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கையில் தண்ணீர் டம்ளர். உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. "கண்ணு" என்று தோளைத் தொட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. சின்ன வயதில் பள்ளி வாசலில் என்னைப் பார்த்தால் அப்படித்தான் மலரும்.

"அப்பா, மேட்ச்சுக்கு வந்துட்டீங்களா!" என்றான். பிறகு ஆங்கிலத்தில், "பாதி ஆட்டம் முடிந்துவிட்டதா? நான் மறுபடி உள்ளே போகவேண்டும், யார் என்னை உட்கார வைத்தது?" என்று கேட்டு எழுந்துகொள்ளப் பார்த்தான்.

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் ஆட்டோ பிடித்து வந்தார்.

5

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவனுக்கு எல்லாம் தெளிந்துவிட்டது. கோயமுத்தூர், கல்யாணம், அத்தை வீடு, எல்லாம். ஓட ஆரம்பித்தது நினைவிருந்தது. பெஞ்சு நினைவில்லை. தலையை ஸ்கேன் எடுத்தார்கள். பார்த்த டாக்டரம்மாவுக்கு அவனைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். இந்த ஆட்டம் எப்படி என்று கேட்டார். அவன் ஒரு காகிதத்தில் கோடு போட்டு ஆங்கிலத்தில் விளக்கினான்.

"எதிர்ல வர்றவங்களப் பாக்கவே மாட்டீங்களா?"

"பாத்தா லேட் ஆயிடும், டாக்டர்."

"தலைல எத்தனை தடவை அடிபட்டிருக்கு?"

"கணக்கு இல்லை."

அவர் அந்தக் காகிதத்தை மடித்து வைத்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "ஸ்கேன்ல பெருசா ஒண்ணும் தெரியலைங்க. கை கால் இழுக்காத வலிப்புன்னு ஒண்ணு இருக்கு, இது அதுவா இருக்கலாம். மாத்திரை தரேன். ஆனா இன்னொரு அடி பட்டா எப்படி முடியும்னு என்னால சொல்ல முடியாதுங்க. நானா இருந்தா ஆட விடமாட்டேன்." அதையே ஆங்கிலத்தில் எழுதியும் கொடுத்தார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். மச்சான் மாத்திரை வாங்கப் போயிருந்தார். அருள் தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தான். இது முதல் முறை இல்லை. ஒரு நாள் தன் வீட்டுத் தெருவே தெரியாமல் காரிலேயே உட்கார்ந்திருந்தானாம். அந்தப் பெரிய பிடி அவனுக்கு நினைவே இல்லை. அதற்குப் பிறகு ஆடிய ஆட்டமும் நினைவில்லை. கணபதியில் கேசட்டில் பார்த்ததுதான் முதல்.

"யாருகிட்டயும் சொல்லலியா கண்ணு?"

"அடுத்த வருஷம் என்னைக் கேப்டன் ஆக்குகிறார்கள். சொன்னால் எரோல் பயந்துவிட்டான் என்பார்கள்" என்றான் ஆங்கிலத்தில். பிறகு தன் குழந்தைத் தமிழில் சொன்னான்: "எனக்கும் பயம் இருக்குங்கப்பா. ரொம்ப நாளா இருக்கு. ஓடும்போது இல்லை. காலைல எந்திரிக்கும்போது இருக்கு."

ஊரே பயமறியாதவன் என்று சொன்ன பிள்ளை. நான் ஒருவன்தான் வீட்டில் பயந்தவன் என்று நினைத்திருந்தேன்.

அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டான். அது மட்டும் என்னால் ஆகாது என்றேன். அன்று சாயந்திரமே லூர்துவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

6

லூர்து அழவில்லை. கோத்துக்கொண்டிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்க, டெலிபோன் பூத்து எங்க இருக்குது?"

"எதுக்கு?"

"இத்தன வருசமா எந்திரிடா எந்திரிடான்னு கத்துனவ நானு. இப்ப நானே டீம்காரங்களுக்குப் போன் போட்டு ஒக்கார வெச்சுடறேன்."

பட்டறைக்கு எதிரே இருந்த பூத்துக்குப் போனாள். அருள் பின்னாலேயே ஓடி, அவள் கையிலிருந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டான். "அம்மா, வேண்டாம். நானே சொல்றேன். போனதும் டாக்டர்கிட்ட நானே சொல்றேன்." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வெளியே நாலு பேர் போன் பேசக் காத்திருந்தார்கள். ரிசீவரை வைத்தாள்.

மறுநாள் கல்யாணத்தில் அவன் பந்தி பரிமாறினான். கருமத்தம்பட்டிப் பெண்கள் எல்லோரும் இந்தப் பையனுக்கு இங்கேயே பெண் பார்க்கலாமே என்றார்கள். அவன் சாம்பார் வாளியோடு நகர நகர, என் கண்ணும் அவன் பின்னாலேயே நகர்ந்தது. ஒரு தடவை வாளியைப் பிடித்தபடி நின்றுவிட்டான். நான் பாதி இலையில் எழுந்துவிட்டேன். யாரோ ரசம் கேட்டதால் நின்றிருக்கிறான்.

மெல்பர்ன் திரும்பியதும் குழுவின் டாக்டரிடம் சொன்னான். பாதிதான் சொன்னான். தலைவலி வருகிறது என்றான். அவர்கள் ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள். மாதங்களின் பெயரைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார்கள். இரண்டையும் செய்துவிட்டான். ஆடலாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் தெரிந்ததும் கோயமுத்தூர் டாக்டரம்மாவின் காகிதத்தை எடுத்துக்கொண்டு லூர்துவும் நானும் குழுவின் அலுவலகத்துக்குப் போனோம். மரியாதையாக உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். வெளிநாட்டு அறிக்கையை இங்கத்திய டாக்டர் ஒருவர் சரிபார்க்க வேண்டும், எரோல் வயது வந்தவர், அவர் சம்மதம் இல்லாமல் பெற்றோரிடம்கூட எதுவும் பேச முடியாது என்றார்கள். காகிதத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. லூர்து அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.

7

மார்ச் கடைசியில் முதல் ஆட்டம். அருள் கேப்டன். சனிக்கிழமை காலை லூர்து கிளம்பவில்லை. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"என்னால பாக்க முடியாதுங்க. நீங்க போங்க. யாராச்சும் ஒருத்தரு அங்க இருக்கோணும்."

போனேன். பதினெட்டு வருஷத்துக்குப் பிறகு. உட்காரும் இடம் தெரியாமல் மூன்று வாயில் சுற்றினேன். கடைசியில் ஒரு பெரிய உடம்புக்காரருக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. அவர் கழுத்துத் துண்டில் என் மகனின் எண் இருந்தது. சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எலும்போடு எலும்பு மோதும் சத்தம் மேலே வரைக்கும் கேட்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அருள் இரண்டு முறை விழுந்தான். இரண்டு முறையும் எழும் வரை நான் மூச்சு விடவில்லை.

ஆட்டத்தின் நாலு பகுதிகளில் மூன்றாவதில் எதிரணிக்காரன் ஒருவன் பந்தை உயரமாக உதைத்தான். அது அருளின் தலைக்கு மேலே போயிற்று. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்னால் ஓட ஆரம்பித்தான். எதிரே இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். மேலே இருந்த எங்கள் எல்லோருக்கும் அவர்கள் தெரிந்தார்கள். அவன் ஒருவனுக்குத்தான் தெரியவில்லை. கூட்டம் மொத்தமும் எழுந்தது. நானும் எழுந்து, "அருளு, பாரு!" என்று கத்தினேன். அந்த இரைச்சலில் அது எனக்கே கேட்கவில்லை.

அவன் பார்த்தான். பந்திலிருந்து கண்ணை எடுத்து, முகத்தைத் திருப்பி, வருகிறவர்களைப் பார்த்தான். பார்த்து, நின்றான். அவ்வளவுதான். ஓடி வந்தவர்களில் ஒருவன் பந்தை எளிதாகப் பிடித்து, திரும்பி, இரண்டு கம்பங்களுக்கு நடுவே உதைத்துக் கோல் போட்டான்.

கூட்டத்தில் ஊளை கிளம்பியது. சொந்த ஆட்கள் போட்ட ஊளை. பக்கத்திலிருந்த மனிதர் கழுத்துத் துண்டைக் கழற்றி, கோழை என்று சொல்லிக் காலடியில் எறிந்தார். அருள் மைதானத்தைக் குறுக்கே நடந்து ஓரத்துக்குப் போனான். ஓடவில்லை, நடந்தான். அங்கே இருந்த டாக்டரின் தோளைப் பிடித்து இழுத்து ஏதோ பேசினான். ரொம்ப நேரம் பேசினான். டாக்டர் அவனை உட்கார வைத்தார். மறுபடி உள்ளே அனுப்பவில்லை.

நான் நின்றபடி கைதட்டிக்கொண்டிருந்தேன். எதிரணிக்கு வேண்டியவன் என்று நினைத்திருப்பார்கள். கண்ணீரால் எதுவும் தெரியவில்லை. என் பிள்ளை இரண்டு காலில் நடந்து வெளியே வந்துவிட்டான். எனக்கு வேறென்ன வேண்டும்?

8

அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. இங்கத்திய டாக்டர்களும் கோயமுத்தூர் டாக்டரம்மா சொன்னதையேதான் சொன்னார்கள். வெளியே எதையும் சொல்லவேண்டாம் என்பது அவன் விருப்பம். அதனால் ஊர் தன் இஷ்டத்துக்குப் பேசியது. கோழை என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதுதான் உரிம அலுவலகத்தில் அந்த ஆள் குரலைத் தாழ்த்திக் கேட்டது. அருள் இப்போது ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான். இந்த ஒரு வருஷத்தில் அந்த மாதிரி ஒரு தடவைதான் வந்தது.

எனக்குப் பயம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. முன்பு சனிக்கிழமை மட்டும் இருந்தது. இப்போது அப்படியில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்திருந்தான். அவனுக்குப் பிடித்த பச்சைப்பயிறுக் குழம்பு. பள்ளியில் நடந்த ஏதோ வேடிக்கையைச் சொல்லிக்கொண்டே இருந்தவன், மேசைமேல் கையை நீட்டி, "அம்மா, அந்த..." என்று நிறுத்தினான். சொல் வரவில்லை. கை அந்தரத்தில் நின்றது. நெற்றியைச் சுருக்கினான்.

லூர்து கரண்டியோடு அசையாமல் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே அவனுக்குத் தமிழ்ச் சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டுதான் வந்தன. அப்போதெல்லாம் நாங்கள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்போம். இந்தச் சொல்லும் அப்படி உதிர்ந்ததுதானா, இல்லை வேறு ஏதாவதா? எங்களுக்குத் தெரியவில்லை. அவனுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

"உப்பு" என்றான் கடைசியில்.

லூர்து உப்புக் கிண்ணத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அவன் விட்ட இடத்திலிருந்து வேடிக்கையைத் தொடர்ந்தான். நாங்கள் இருவரும் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தோம்.